அக்கராபீம் மேட்டுக்குத் தெற்கே

என் கணவருக்குக் கடவுள் வழி காட்டிய வருடத்தில், அந்த வழியை டைப் அடித்தவள் நான். அதனால் நடந்ததைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு வண்ண அட்டை. ஒரு பக்கம் ரோஜாப்பூவோ நீர்வீழ்ச்சியோ இருக்கும். மறுபக்கம் ஒரு வேத வசனம். அந்த வசனம்தான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் முழுவதற்குமான கடவுளின் வாக்கு. டப்பாவுக்குள் கையை விட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றைத் திரும்பப் போட வேண்டும். எதைப் போடுவது என்பதற்குத் தனியாக ஜெபம் பண்ணுகிறவர்களும் உண்டு. நான் இதைக் கிளிஜோசியம் என்பேன். கிளிக்காவது நெல்மணி கொடுக்க வேண்டும், இது அதுவும் இல்லாமல் நடக்கிறது என்பேன். என் கணவர் முறைப்பார். ஆனால் எங்கள் வரிசையின் முறை வரும்போது நானும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பேன்.

நான் அபுதாபியில் நர்ஸ். அவருக்குப் பக்கத்திலேயே முசஃபாவில் கனரக வண்டிகள் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரண்டு பேருக்கும் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம். ஒரே மகள், நாலாம் வகுப்பு. எங்கள் தமிழ் ஐக்கியத்தில் சுமார் ஐம்பது குடும்பங்கள். தேவாலய வளாகத்தில் ஒரு ஹால் எங்களுக்குக் காலை ஆறரை முதல் எட்டு வரை கிடைக்கும். எட்டு மணிக்கு மலையாளிகள் முறை. ஏழே முக்காலுக்கே அவர்கள் கீபோர்டோடு வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அதனால் எங்கள் பாஸ்டரின் பிரசங்கம் முதலில் மெதுவாகப் போய்க் கடைசிக் கால் மணி நேரத்தில் ஓட்டமெடுக்கும்.

அட்டைகள் வருடாவருடம் ஊரிலிருந்து அச்சடித்து வரும். அந்த வருடம் லீவு முடிந்து வந்த ஒரு சகோதரர் எடுத்து வருவதாக ஏற்பாடு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி ஏழு கிலோ கூடுதலாக இருந்திருக்கிறது. அவர் அங்கேயே பெட்டியைத் திறந்து யோசித்திருக்கிறார். மாங்காய் ஊறுகாயை வைத்துக்கொண்டு வாக்குத்தத்தங்களை மச்சினன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊறுகாயை நானும் சாப்பிட்டேன்.

ஆக அட்டை செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. பாஸ்டர் அறுபது வசனங்களின் அதிகார எண்ணையும் வசன எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். வசனத்தைத் தேடி எடுப்பது என் பொறுப்பு. நைட் டூட்டி முடிந்து நேராகத் தெருமுனை டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பங்களாதேஷ்காரருக்கு அரபி, ஆங்கிலம், இந்தி மூன்றும் பிரமாதமாக வரும், தமிழ் மட்டும் தெரியாது. அவர் எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார். நான் தாளைப் பார்த்து, போனில் வசனத்தைத் தேடி, காப்பி செய்து ஒட்டி, அடுத்ததுக்குப் போனேன். வசனத்தை வாசித்தேனா என்றால் இல்லை. பன்னிரண்டு மணி நேர டூட்டிக்குப் பிறகு எந்த மனுஷியும் அறுபது வசனம் வாசிக்க மாட்டாள்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்களுக்குக் கல்யாணமான பிறகு அவர் கத்தாரில், ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டில் ஆறு வருடம் ஃபோர்மேனாக இருந்தார். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். நான் பிள்ளையோடு அபுதாபியில். வருடத்துக்கு ஒரு மாதம் ஊரில் பார்த்துக்கொள்வோம். ஒருநாள் வீடியோவில் அவர் முகம் வந்ததும் மகள் கையாட்டி, "ஹலோ அங்கிள்!" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆறாவது மாதம் முசஃபாவில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியோடு வந்து இறங்கினார். அதன்பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். குளியலறையில் அவர் ஈரத்துண்டைக் கதவில் போட, நான் கத்த, அவர் எடுக்க, மறுநாள் மறுபடியும் போட என்று அமோகமாக இருந்தோம்.

அப்போதுதான் ஓமானிலுள்ள சோஹாரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ராஸ் லஃபானில் கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, அங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன் வேலை. கேட்டதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. இங்கே என்ன குறை என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

"நான் வேலைய விட்டுட்டு வர முடியாது. பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. நீங்க அங்க, நாங்க இங்க, திரும்பவும் மொதல்ல இருந்தா?" என்றேன்.

"கார்ல மூணு மணி நேரந்தான் ஏட்டி. வாரா வாரம் வந்துரலாம்."

"அங்க லீவு வெள்ளி, சனி. இங்க பிள்ளைக்கு லீவு சனி, ஞாயிறு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கது ஒரு சனிக்கிழமை. அதுல பாதி பார்டர்லயே போயிரும்."

கடைசியில் ஒருநாள், "நான் ஒரு அடையாளம் கேட்டிருக்கேன். புது வருசத்துல அவரு காட்டுவாரு. அதுவரைக்கும் நீயும் பேசாத, நானும் பேசல" என்று ஒப்பந்தம் போட்டார். எனக்கு இது சாதகமாகத் தெரிந்தது. வாக்குத்தத்த வசனங்கள் பெரும்பாலும் பயப்படாதே, திடமனதாயிரு, ஆசீர்வதிப்பேன் என்கிற ரகம். அவற்றில் சோஹார் வராது என்று நம்பினேன்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் பால்பவுடர் டப்பா முன்னால் தயாராக இருந்தது. ஒவ்வொரு குடும்பமாக முன்னால் போய் அட்டை எடுக்க, பாஸ்டர் அதை மைக்கில் வாசித்து, இரண்டு வரி விளக்கம் சொல்லி, ஜெபித்து அனுப்பினார். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்குச் செழிப்பு வந்தது. அதற்கு முன்னால் போனவர்களுக்குச் சமாதானம். என் கணவர் கண்ணை இறுக மூடி, முழங்கை வரை கையை விட்டு, டப்பாவின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார்.

பாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். அக்கராபீம் மேட்டுக்குத் தெற்கே புறப்பட்டு, சீனுக்குப் போய், அங்கிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு ஏறி, எஸ்ரோனைக் கடந்து, ஆதாருக்கு ஏறி, கர்க்காவைச் சுற்றி என்று வசனம் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் நீர்வீழ்ச்சிதான் இருந்தது.

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் பாஸ்டரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வார நாட்களில் அவர் சாரம் கட்டும் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசர். எந்தச் சூழ்நிலையிலும் கால் வைக்க ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவார். அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மைக்கை இறுகப் பிடித்தார்.

"பிரதர், இது சாதாரண வசனம் இல்ல. அக்கராபீம்னா என்ன தெரியுமா? தேளு! தேள் மேடு! அரபிக்காரங்க இன்னைக்கும் தேளை அக்ரப்னுதான சொல்லுதாங்க? உங்க பாதையில தேள் இருக்கும் பிரதர். ஆனா வசனம் தேள்கிட்ட நிக்குதா? நிக்கல! புறப்பட்டு! போய்! ஏறி! கடந்து! மறுபடியும் ஏறி! சுத்தி! இந்த வருசம் உங்கள ஒரு எடத்துல இருக்க விடமாட்டார்!"

ஐம்பது குடும்பமும் ஆமென் என்றது. வாசலில் நின்ற மலையாளிகளில் ஒருவர்கூட ஆமென் என்றார். அவர் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி, கண்ணீர் கன்னத்தில் வடிய நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் அட்டையைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். நான் கைப்பையிலிருந்து பாஸ்டரின் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் பாஸ்டர் எழுதியிருந்தது ஒன்றாம் அதிகாரம், மூன்றாம் வசனம். கால் மிதிக்கிற இடமெல்லாம் உனக்கே தருவேன் என்கிற, எல்லோருக்கும் தெரிந்த வசனம் அது. நான் எடுத்தது அதே புத்தகத்தின் பதினைந்தாம் அதிகாரம், மூன்றாம் வசனம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் உடனே அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வசனத்தை மாற்றிக் கொடுத்ததற்குப் படிவம் எதுவும் கிடையாது. ஐம்பது குடும்பத்துக்கு முன்னால் வெட்கம் வேறு. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் சோஹாருக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு நாக்கு எழுந்தது. தாளையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "உன் கைய யாரு திருப்பினா?" என்றார்.

"தூக்கம் திருப்பிச்சு."

"அந்தத் தூக்கத்த யாரு தந்தா?"

"நைட் டூட்டி தந்துது."

"அந்த டூட்டிய யாரு தந்தா?"

"எங்க இன்சார்ஜ் தந்தா. அவளும் மலையாளி. அவளையும் கர்த்தர்தான் அனுப்பினாருன்னு சொல்லாதீங்க."

அவர் அப்படித்தான் சொன்னார்.

பாஸ்டரிடம் போனேன். தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "சிஸ்டர், அறுபது அட்டை. அதுல ஒண்ணுதான் தப்பு. அந்த ஒண்ணு சரியா பிரதர் கையில வந்துருக்கு. இத நீங்க தற்செயல்னு சொல்லுதீங்களா?" என்றார். அடுத்த வாரம் இதையே பிரசங்கமாகவும் வைத்தார். என் பெயரைச் சொல்லவில்லை, தூங்கி வழிந்த ஒரு சகோதரி என்று மட்டும் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சரி, வேதத்தை வைத்தே மடக்குவோம் என்று கிளம்பினேன். வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் வரைபடங்கள் இருக்கும். பிரசங்கம் நீண்டுபோகிறபோது பார்ப்பதற்கென்றே அச்சடித்தவை. அதில் அக்கராபீமைத் தேடிப் பிடித்தேன். சவக்கடலுக்குத் தெற்கே ஒரு மலை ஏற்றம், ஒரு கணவாய். யூதா கோத்திரத்துக்குப் பங்கு பிரித்த நிலத்தின் தென் எல்லை அது வழியாகப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

"இது வாக்குத்தத்தமே இல்ல, பட்டா! நம்மூர்ல கிரயப் பத்திரத்துல எழுதுவாங்கல்லா, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்குன்னு. அதாக்கும் இது. பத்திரத்தப் படிச்சு ஒருத்தன் வேலைக்குப் போவானா?" என்றேன்.

"தேவன் எழுதின பத்திரம்லா."

"சரி. எல்லைக்கோடு எங்க போவுதுன்னு பாருங்க. ஊரச் சுத்திச் சுத்திப் போவுது. ஒரு வீட்டுக்குள்ளயும் நுழையல. அதுவுமில்லாம தெற்க போகச் சொல்லுது. இங்கருந்து தெற்க போனா லிவா பாலைவனம். சோஹார் நேர் கிழக்க இருக்கு."

அவர் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "பிறகு திரும்புது பாரு."

"திரும்புது, மேற்க! மேற்க போனா சவுதி!"

மகள் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, ஸ்கார்பியன் ரியலா? பைட் பண்ணுமா?" என்றாள். அவர் கண்டிப்பாகக் கொட்டும் என்றார். அவள் அன்றிலிருந்து சோஹார் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். கம்பெனிக்காரர்கள் ஒரு தடவை நேரில் வந்து சைட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குடும்பமாகப் போய், ஊரைப் பார்த்து, அதன்பிறகு முடிவு செய்வது. நான் சம்மதித்தேன். சோஹாரில் புகை, புழுக்கம், பள்ளிக்கூடம் தூரம் என்று குறை கண்டுபிடிக்க மனதுக்குள் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. ஓட்டை உடைசலாகக் கிடந்த எங்கள் பழைய காருக்கு ஓமான் இன்சூரன்ஸ் எடுத்து, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை இட்லி கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அல் அய்ன் வரை மணல். அதைத் தாண்டி எமிரேட்ஸ் பக்கத்துச் சாவடியில் வெளியேறும் முத்திரை வாங்கினோம். பிறகு வாதி ஜிஸ்ஸி மலைப்பாதை. இரண்டு பக்கமும் பொட்டு மரம் இல்லாத மலை, நடுவில் சாலை. ஒரு நாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டோம், இன்னொரு நாட்டுக்குள் இன்னும் போகவில்லை. அவருக்கு அப்படி ஒரு உற்சாகம். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே, "ஏட்டி, இதான் அக்கராபீம் மேடு. நல்லாப் பாத்துக்கோ" என்றார். மகள் ஜன்னலில் மூக்கை வைத்துத் தேள் தேடினாள். எனக்கும், சும்மா சொல்லக் கூடாது, மலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஓமான் சாவடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. நல்ல மரியாதையான ஆள். அந்த ஊர்க்காரர்களில் நிறையப் பேர் இந்தி பேசுவார்கள், இவரும் பேசினார். மூன்று பாஸ்போர்ட்டையும் மூன்று எமிரேட்ஸ் ஐடியையும் வாங்கினார். என் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "நர்ஸ். குட். மேடம் ஓகே. பேபி ஓகே" என்றார். பிறகு என் கணவருடைய கார்டைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். கணினியைத் தட்டினார். தலையை ஆட்டினார்.

"பாய், ஆப்கா விசா மாஃபி." உங்களுக்கு விசா கிடையாது என்கிறார்.

"க்யூன்?" என்று காரணம் கேட்டது நான்.

வளைகுடாவில் குடியிருப்பவர்களுக்கு எல்லையிலேயே நுழைவு விசா கொடுப்பார்கள், ஆனால் எல்லா வேலைக்காரர்களுக்கும் இல்லை, சில வேலைப் பெயர்களுக்குக் கிடையாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் கோபமாக, இவர் டெக்னீஷியன், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றேன். அந்த அதிகாரி என் கணவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கார்டைக் கண்ணாடிக்கு அடியில் என் பக்கம் தள்ளினார்.

மூன்று வருடத்தில் நான் அந்தக் கார்டின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. லோடிங் அண்ட் அன்லோடிங் ஒர்க்கர் என்று இருந்தது. சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி.

வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளை இட்லிப் பொட்டலத்தோடு காருக்குள் உட்கார வைத்தேன்.

"விசாவுலதான அப்படிப் போட்டிருக்கான்? வேலை வேறதான?" என்றேன். விசாவில் ஒரு பெயர், வேலை வேறொன்று என்பது இங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். எங்கள் ஐக்கியத்தில் விசாப்படி கொத்தனாராக இருக்கும் ஒருவர் ஹோட்டலில் பரோட்டா போடுகிறார்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலையும் அதான்" என்றார்.

"மூணு வருசமாவா?"

"மொதல்ல ஆறு மாசம்னு சொன்னான். பிறகு டெக்னீஷியனா மாத்தித் தாரேன்னான். மாத்தல. கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் வண்டியிலருந்து எறக்கணும், ஏத்தணும். ஃபோர்க்லிஃப்ட் போகாத எடத்துல ஆளுதான் தூக்கணும்."

தினமும் காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் பேனாவைக் குத்திக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போவார். கம்ப்யூட்டரில் வண்டிகளைச் சோதிக்கிற வேலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் போய் உடை மாற்றியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை முதுகு வலி என்பார். நான் தைலம் தேய்த்துக்கொண்டே, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதீர்கள் என்று பாடம் நடத்துவேன். பதினாறு வருடம் நர்ஸாக இருக்கிறேன். பாரம் தூக்கிய முதுகுக்கும் நாற்காலியில் உட்கார்ந்த முதுகுக்கும் வித்தியாசம் என் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"அப்ப வேற விசா கிடைக்கல. சொன்னா நீ கத்தாருலயே இருங்கன்னிருப்ப. பிள்ள என்னை அங்கிள்னு கூப்பிட்டுட்டு. இருக்க முடியுமா?"

"சரி, இப்ப பார்டர்ல மாட்டுவோம்னு தெரியாதா? எந்தத் தைரியத்துல எங்களையும் கூட்டிட்டு வந்தீங்க?"

"தெரியும். இதே மாதிரிக் கார்டோட பஸ்ஸுல போன ஒருத்தன விட்டானாம்னு ஒர்க்‌ஷாப்புல சொன்னாங்க. பிறகு, வசனம் இருக்கே, வழி திறக்கும்னு..."

நான் தட்டிய ஓர் ஐந்து, இந்த மனுஷனை இத்தனை தூரம் கூட்டிவந்து, ஒரு கண்ணாடிக்கு முன்னால், பெண்டாட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

"நான் சோஹார் போகட்டான்னு அடையாளம் கேக்கல" என்றார் அவர் கொஞ்ச நேரம் கழித்து. "ஒங்க ரெண்டு பேரையும் திரும்ப விட்டுட்டுப் போனா பாவமான்னு கேட்டேன். வேலை எடத்துல முப்பது வயசுகூட ஆகாத சூப்பர்வைசரு ஏய் ஏய்னு கூப்பிடுதான் ஏட்டி. அவனுக்கு எம் பேரு தெரியாது. தெரிஞ்சுக்க அவசியமும் இல்ல அவனுக்கு."

இந்த மூன்று வருடத்தை எனக்கு யாரோ சும்மா கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஈரத்துண்டுக்காகச் சத்தம் போட்டேனே, அந்தச் சத்தம் போடுகிற பாக்கியத்துக்காக இவர் அங்கே ஆக்சில் தூக்கியிருக்கிறார். இவரை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பட்டாவும் வரைபடமும் காட்டி வாதாடிக்கொண்டிருந்தேன்.

வந்த வழியே திரும்பினோம். எமிரேட்ஸ் சாவடியில் வெளியேறிய முத்திரையை ரத்து செய்ய ஒரு மணி நேரம் ஆனது. தேள் பார்க்காத வருத்தத்தில் மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அல் அய்னுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, இரண்டு சாயா வாங்கிக்கொண்டு வந்தார். குடித்து முடித்து, கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"சோஹார்காரருக்குப் போன் போடுங்க" என்றேன்.

"எதுக்கு? வர முடியலன்னு சொல்லவா?"

"போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். மறுமுனையில் மேனேஜர். மலையாளி, நன்றாகவே தமிழ் பேசினார். எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று இவர் மென்று விழுங்கிச் சொன்னார். மேனேஜர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைட் பார்க்க வராவிட்டால் போகிறது, எம்ப்ளாய்மெண்ட் விசா அனுப்புகிறோம், அதில் நேராக விமானத்தில் வந்துவிடலாம், உங்கள் ராஸ் லஃபான் அனுபவமே போதும் என்றார். பிறகு, "எப்போ ஜாயின் பண்ண முடியும்?" என்று கேட்டார்.

என் கணவர் போனைப் பார்த்தார். பின்சீட்டில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனில் ஹலோ, ஹலோ என்று கேட்டது.

பொய் சொல்ல மாட்டேன், அந்த விநாடியில்கூட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன்.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்துருவாங்க" என்றேன்.

"இது யாரு பேசறது?"

"ஃபோர்மேனோட வீட்டுக்காரி."